கருடக் கல்லும் ஆருட பிஸ்கட்டும்: உடல்மாற்ற நகைச்சுவைப் படங்களை உரிமை கொண்டாடுவோர்க்கு ஒரு மறுப்பு

ஒப்பிலக்கியம் நம் பல்கலைக்கழகங்களில் பாடமாக வேரூன்றிய நாள்தொட்டு அதனோடு ஒரு பழக்கமும் வேரூன்றிவிட்டது. அயல்நாட்டுப் படைப்பொன்றில் நம் மரபை ஒத்த கூறு தென்பட்டால், அக்கூறு அங்கே என்ன வேலை செய்கிறது என்று வினவுவதற்கு முன்பே ‘இது நம்மிடமிருந்து சென்றது’ என்று எழுதிவிடும் பழக்கமே அது. திரைப்படத்தையும் பிரதியாகக் கொண்டு ஆராயும் போக்கு வலுப்பெற்ற பின்னர் இப்பழக்கம் அங்கும் பரவியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் ‘ஃபிரீக்கி ஃபிரைடே’ என்னும் 2003ஆம் ஆண்டு அமெரிக்க நகைச்சுவைப் படத்தைத் திருமூலர் வரலாற்றோடு ஒப்பிட்டுக் கட்டுரை வாசிக்கப்பெற்றது. தாயும் மகளும் உடல் மாறிக்கொள்ளும் அப்படத்தின் முன்னோடி 1882இல் வெளிவந்த ‘வைஸ் வெர்சா’ எனும் ஆங்கில நாவல். அந்நாவலில் உடல்மாற்றத்தை நிகழ்த்துவது இந்தியாவிலிருந்து சென்ற ‘கருடக் கல்’. ஆகவே இவ்வகைக் கதைகள் அனைத்திற்கும் தாய்வீடு சித்தர்தம் கூடுவிட்டுக் கூடு பாயும் கலையே என்பது கட்டுரையின் முடிவு. அரங்கம் கைதட்டியது. கைதட்டியோருள் இக்கட்டுரையாளரும் ஒருவர். பின்னர் அப்படத்தையும் அதன் உறவுப் படங்களையும் வரிசையாகப் பார்க்க நேர்ந்தபோதுதான் அக்கைதட்டல் எவ்வளவு பிழையானது என்பது புலனாயிற்று. தம் பிழையை மறுப்பது பிறர் பிழையை மறுப்பதினும் கடினம். இம்மறுப்பில் கடுமை மிகுந்திருப்பின் அதற்குக் காரணம் அதுவே.

படமும் படைத்தோரும்

முதற்கண் படத்திற்கு உரிய பெருமையை அளித்துவிடுதல் வேண்டும். வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட அப்படத்தை இயக்கியவர் மார்க் வாட்டர்ஸ். திரைக்கதை ஹெதர் ஹாக், லெஸ்லி டிக்சன் ஆகிய இருவருடையது. மனநல மருத்துவராகிய டெஸ் மறுமணத்திற்கு ஆயத்தமாகிறாள். மகள் ஆனாவோ மின்கிதார் இசைக்குழுவொன்றில் மூழ்கியிருப்பவள். தந்தையின் இடத்திற்கு வேறொருவர் வருவதை ஏற்க மனமில்லாதவள். ஒரு வியாழன் இரவு சீன உணவகத்தில் இருவரும் பூசலிடுகின்றனர். உணவகத்தை நடத்தும் பெய்-பெய்யின் முதிய தாய் இருவர்க்கும் ஆருட பிஸ்கட் தருகிறாள். சீட்டைப் படித்ததும் அவ்விருவர் மட்டுமே உணரும் ஒரு நிலநடுக்கம். மறுநாள் காலை தாயின் உடலில் மகளும் மகளின் உடலில் தாயும் விழித்தெழுகின்றனர்.

டெஸ் வேடத்திற்கு முதலில் அமர்த்தப்பெற்றவர் அனெட் பெனிங். படப்பிடிப்புத் தொடங்கவிருந்த தறுவாயில் அவர் விலக, ஜேமி லீ கர்ட்டிஸ் அவ்விடத்திற்கு வந்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கூச்சமும் பதினைந்து வயதுப் பெண்ணின் அலட்சியமும் ஓர் நடுவயதுப் பெண்ணின் தோளிலும் முழங்காலிலும் இறங்குவதை அவர் காட்டியிருக்கும் திறம் வியக்கத்தக்கது. உடல்மொழி என்று நாம் வகுப்பறையில் சொல்லித் தருவதற்கு அதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. லிண்ட்சே லோஹன், தாயின் கண்டிப்பைத் தம் இளமுகத்தில் ஏற்றிக்கொண்ட விதமும் அத்தகையதே. உலகெங்கும் 16 கோடி டாலர் ஈட்டிய வெற்றிக்கு இவ்விருவருமே முதற்காரணர். படம் மோசமானது என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. நல்ல படமாக இருப்பதனாலேயே அதன் ஒரு மூலையில் செய்யப்பட்டிருக்கும் காரியம் கண்ணில் படாமற் போகிறது.

மூலத்தில் இல்லாத முதியவள்

அம்மூலையில் நிற்பவள் பிஸ்கட் தரும் அம்முதியவள். ‘ஃபிரீக்கி ஃபிரைடே’ 1972இல் மேரி ராட்ஜர்ஸ் எழுதிய நாவல். இவர் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸின் மகள், தாமும் இசையமைப்பாளர். பெரிய தந்தையின் நிழலில் வளர்ந்த மகள் ஒருத்தி, பெற்றோரும் பிள்ளையும் இடம்மாறும் கதையை எழுதினார் என்பதே தனியே ஆராயத்தக்க செய்தி. ஈண்டு வேண்டுவது வேறொன்று. அந்நாவலில் உடல்மாற்றத்தை நிகழ்த்துபவள் தாயே. எப்படிச் செய்தாள் என்று மகள் கேட்கும்போது அவள் விடை சொல்வதில்லை. மாயம் அவளுக்குச் சொந்தம். அதைச் சொல்லாதிருக்கும் உரிமையும் அவளுக்கே சொந்தம்.

1976இல் கேரி நெல்சன் இயக்கத்தில், ராட்ஜர்ஸே திரைக்கதை எழுதிய முதற்படம் வந்தது. பார்பரா ஹாரிஸும் சிறுமி ஜோடி ஃபாஸ்டரும் நடித்த அதில், பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையன்று தாயும் மகளும் ஒரே நொடியில் ஒரே விருப்பத்தைச் சொல்ல, உடல்கள் மாறுகின்றன. அங்கும் வெளிப்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. வீட்டின் சினம் வீட்டுக்குள்ளேயே விளைவை உண்டாக்குகிறது.

2003ஆம் ஆண்டுப் படத்தார் செய்தது என்ன? தாயிடமிருந்த மாயத்தைப் பறித்துச் சீன முதியவளிடம் கொடுத்தனர். மூலநூல் கேட்காத ஒன்றை, முந்தைய படமும் கேட்காத ஒன்றை, முப்பது ஆண்டுகள் கழித்துப் புதிதாகச் சேர்த்தனர். மரபு தந்த கூறு என்று அதற்கு அமைதி கூற இயலாது. அது திரைக்கதை எழுதும் மேசையில் எடுக்கப்பெற்ற முடிவு.

அம்முடிவின் உள்ளீடு இன்னும் நகைப்பிற்குரியது. சீனத்தின் பழம்பெரும் மந்திரமாகப் படம் காட்டும் அவ்வாருட பிஸ்கட் சீனருடையதே அன்று. சப்பானின் கியோத்தோப் பகுதியில் கோயில்களை அடுத்த கடைகளில் குறிச்சீட்டு வைத்து மடித்துச் சுட்ட பண்டம் அது. 19ஆம் நூற்றாண்டுச் சப்பானிய நூலோவியத்திலேயே காணப்படுகிறது. கலிபோர்னியாவில் குடியேறிய சப்பானியரால் அமெரிக்கா சென்றது. 1942இல் அமெரிக்க அரசு ஏறத்தாழ 1,20,000 சப்பானிய மரபினரை முகாம்களில் அடைத்தபோது அவர்தம் கடைகள் மூடப்பட்டன. அத்தொழில் சீன மரபினர் கைக்கு மாறிற்று. போருக்குப்பின் அது ‘சீன’ உணவகத்தின் அடையாளமாயிற்று. சீனத்தில் உண்டபின் அதனைத் தரும் வழக்கம் இல்லை. உடல் மாறியது பற்றிய படத்தில் உண்மையிலேயே உடல் மாறிய ஒரு பொருள் இருக்கிறது. ஓர் இனத்தாரைச் சிறையிட்டதனால் நேர்ந்த அம்மாற்றத்தைப் பற்றிப் படத்திற்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடப்பாடும் அதற்கு இல்லை என்பதே இங்கு விவாதிக்கப்பெறும் செய்தி.

கருடக் கல்லின் வழித்தோன்றல்கள்

இனிக் கருத்தரங்கு கைதட்டிய கருடக் கல்லுக்கு வருவோம். ‘வைஸ் வெர்சா’ நாவலை எழுதியவர் எஃப். ஆன்ஸ்டி என்ற புனைபெயர் கொண்ட தாமஸ் ஆன்ஸ்டி குத்ரி. கதையின் தந்தை பால் பல்டிட்யூட், இலண்டன் மின்சிங் சந்தில் குடியேற்ற நாட்டு விளைபொருள்களை விற்கும் வணிகர். தேயிலையும் நறுமணப் பொருளும் கைமாறிய தெரு அது. அவர் மைத்துனர், நம்பத்தகாத ஒருவர், இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கல்லே கருடக் கல். பள்ளிக்குத் திரும்ப அழும் மகனிடம், தாமும் சிறுவனாகிவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று கல்லைக் கையில் வைத்துக்கொண்டே தந்தை சொல்ல, அவ்வாறே ஆகிறார். தேயிலை வந்த வழியே மாயமும் வந்தது. இரண்டும் ஒரே கப்பலின் சரக்கு.

கருடனோடு தொடர்புறுத்தப்படும் கல் நம் மரபில் மரகதம். கருடப் பச்சை என்பது அதன் பெயர். அது நஞ்சு முறிக்கும் என்பது நம்பிக்கை. தந்தையை மகனாக்கும் என்பது ஆன்ஸ்டியின் கற்பனை. அவர் சித்தர்களிடம் கடன் வாங்கியதற்கு நாவலில் ஒரு தடயமும் இல்லை. அவருக்கு வேண்டியது ‘கருடா’ என்ற ஓசையும் ‘இந்தியா’ என்ற தொலைவும் மட்டுமே. இந்தியரைப் பற்றி அவர் என்ன எண்ணினார் என்பதற்குச் சான்று வேண்டுவோர், ‘பஞ்ச்’ நகைச்சுவை இதழில் அவர் எழுதி 1897இல் நூலாக வந்த ‘பாபு ஜாபர்ஜி, பி.ஏ.’ என்னும் தொடரைப் படிக்கலாம். ஆங்கிலம் கற்ற வங்காளியின் ஆங்கிலத்தை வரிக்கு வரி எள்ளுவதே அதன் முழுச்சுவை. நம் கல்லை எடுத்தாண்டவர் என்று நாம் பெருமிதம் கொள்பவர், நாம் வாய் திறந்தால் சிரித்தவர்.

(இவரைத் தமிழர் முன்பே அறிவர், பெயர்தான் அறியார். 1967இல் எம். வி. ராமன் இயக்கிய ‘பட்டணத்தில் பூதம்’ படத்திற்கு வழிகாட்டியது 1964ஆம் ஆண்டின் ‘தி பிராஸ் பாட்டில்’ என்ற அமெரிக்கப் படம். அப்படத்தின் மூலம் 1900இல் ஆன்ஸ்டி எழுதிய நாவல். அரபுக் கதையின் பூதம் இலண்டன் சென்று, ஹாலிவுட் சென்று, ஜாவர் சீதாராமன் உருவில் சென்னை வந்து சேர்ந்தது. அதனை எவரும் அரபு மந்திரக்கலையின் வெற்றி என்று எழுதியதாகத் தெரியவில்லை.)

‘வைஸ் வெர்சா’ 1948இல் படமாயிற்று. எழுதி இயக்கியவர் இருபதுகளின் நடுவிலிருந்த பீட்டர் உஸ்டினோவ். தந்தையாக ரோஜர் லிவ்சி, மகனாக ஆன்டனி நியூலி. இந்தியா விடுதலை பெற்ற மறுஆண்டு அது. நாடு கைவிட்டுப் போயிற்று. கல் மட்டும் திரையில் அவர்களிடமே தங்கிற்று.

அதன்பின் வந்தவற்றை விரைந்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். 1984இல் கார்ல் ரெய்னர் இயக்கிய ‘ஆல் ஆஃப் மீ’யில் செல்வச் சீமாட்டியின் உயிரைக் கிண்ணத்தில் ஏந்துபவர், ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசும் ‘பிரக்கா லாசா’ என்ற கீழைத்தேயக் குரு. வேடமிட்டவர் ரிச்சர்ட் லிபர்ட்டினி. 1987இன் ‘லைக் ஃபாதர் லைக் சன்’னில் அமெரிக்கப் பழங்குடியினரின் மருந்து சாஸ் புட்டியில் கலந்துவிடுகிறது. 1988இல் ‘வைஸ் வெர்சா’ மீண்டும் எடுக்கப்பட்டபோது கல் போய்க் கபாலம் வந்தது. சிகாகோ வணிகர் ஒருவரின் தாய்லாந்துப் பயணச் சுமையோடு கடத்தற்காரர் அதனைச் சேர்த்துவிடுகின்றனர். 2002இன் ‘தி ஹாட் சிக்’கில் அபிசீனிய இளவரசியின் காதணி, அதுவும் கடையிலிருந்து களவாடப்படுகிறது. 2006இல் ‘இட்ஸ் எ பாய் கேர்ள் திங்’ படத்தில் அருங்காட்சியகத்து ஆஸ்டெக் தெய்வச் சிலை. 2020இன் ‘ஃபிரீக்கி’ என்ற அச்சமும் நகையும் கலந்த படத்தில் மெக்சிக்கோவின் பண்டைப் பலிக் கத்தி.

விதிவிலக்குகள் உள. 1976ஆம் ஆண்டுப் படம் ஒன்று. 2011இன் ‘தி சேஞ்ச்-அப்’பில் ஊர்ப்பூங்காவின் நீரூற்றே மாற்றத்தைச் செய்கிறது. எனினும் இந்தியா, தாய்லாந்து, சீனம், அபிசீனியா, மெக்சிக்கோ, அமெரிக்கப் பழங்குடி நிலம் என்று நீளும் இப்பட்டியலைத் தற்செயல் என்று ஒதுக்க இயலுமா? வெல்லப்பட்ட அல்லது சுரண்டப்பட்ட நிலங்களின் பட்டியலாக அல்லவா இது இருக்கிறது?

மாறாத உடல்கள்

இப்படங்களைத் ‘தலைமுறை இடைவெளி’ பற்றிய உலகப் பொதுக்கதைகள் என்று விளக்குவது இன்னொரு பழக்கம். பிறர் நிலையில் நின்று பார்த்தால் பகை தீரும் என்பது அவற்றின் உட்கோள் என்பர். அவ்வுட்கோளை அப்படியே ஏற்றுக்கொண்டு ஒரு வினா எழுப்புவோம். யார் யாருடைய நிலையில் நிற்கிறார்கள்?

2003ஆம் ஆண்டுப் படத்தில் தாய் மகளாகிறாள், மகள் தாயாகிறாள். பெய்-பெய் பெய்-பெய்யாகவே இருக்கிறாள். உணவகத்தின் மேசைக்கு இப்பால் அமர்ந்தவர்களிடையே மட்டுமே உயிர்கள் இடம்மாறுகின்றன. மேசைக்கு அப்பால் நின்று பரிமாறுகிறவர்க்கு மாறும் பேறு இல்லை. பிறர் நிலையில் நின்று பார்த்தலே அன்பு என்னும் படம், தனக்கு மாயத்தைத் தந்தவளின் நிலையில் ஒரு நொடியேனும் நின்று பார்க்கவில்லை.

இதில் எவரும் குறித்துக் காணாத நுட்பம் ஒன்றுண்டு. பெய்-பெய்யும் அம்முதியவளும் தாயும் மகளுமே ஆவர். அவர்களுக்கிடையிலும் பூசல் இருக்கிறது: தாய் கேளாமலே வாடிக்கையாளர் வாழ்வில் தலையிடுகிறாள், மகள் வணிகம் கெடுமே என்று எரிச்சல் கொள்கிறாள். குடிபெயர்ந்த தாய்க்கும் அமெரிக்காவில் வாழும் மகளுக்கும் இடையிலான அத்தொலைவு, டெஸ்ஸுக்கும் ஆனாவுக்கும் இடையிலான தொலைவினும் பெரிதாக இருத்தல் கூடும். உடல்மாற்றக் கதைக்கு அதனினும் வளமான களம் வேறில்லை. பெய்-பெய்யாக நடித்த ரோசலிண்ட் சாவ், 1993இல் ‘தி ஜாய் லக் கிளப்’ படத்தில் அத்தகைய தாய்மகள் துயரை நடித்துக் காட்டியவரே. கதைக்கு வேண்டிய நடிகையும் உறவும் கண்முன் நிற்க, படம் அவ்விருவரையும் கதவருகே நிறுத்திவிட்டது. இறுதிக் காட்சியில் தாத்தாவும் பேரனும் பூசலிட, முதியவள் மீண்டும் பிஸ்கட் நீட்டுகிறாள். பெய்-பெய் பாய்ந்து தன் தாயைத் தடுத்து வீழ்த்துகிறாள். அரங்கம் சிரிக்கிறது. ஒரு தாயும் மகளும் கட்டித் தழுவிய மகிழ்ச்சியின் ஓரத்தில் இன்னொரு தாயும் மகளும் தரையில் உருள்வது நகைச்சுவையாகிவிடுகிறது.

அயற்பொருள் ஏன் வேண்டப்படுகிறது என்பதற்கும் விடை இங்கேயே உள்ளது. மாயம் வீட்டுக்குள் பிறந்தால் வீடு அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். ராட்ஜர்ஸின் தாய் பொறுப்பேற்றாள். மாயம் வெளியிலிருந்து வந்தால், வேலை முடிந்ததும் அதனை வெளியே தள்ளிவிடலாம். கல்லை எவரும் திரும்பக் கேட்பதில்லை. காதணிக்கு உரியவள் வழக்குத் தொடுப்பதில்லை. நடைமுறை உலகில் அவ்வாறன்று என்பதைத் தமிழர் அறிவர். 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து தோண்டப்பெற்றுக் கடத்தப்பட்ட நடராசர் இலண்டனில் பிடிபட்டபோது, அவ்வூரின் பாழடைந்த கோயிலே ஒரு சட்ட ஆளாக அந்நாட்டு நீதிமன்றத்தில் உரிமை கோரி நின்றது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமையை உறுதி செய்தது. நடராசர் ஊர் திரும்பினார். கருடக் கல்லின் கதையில் இல்லாத காட்சி அது. அதனை எழுதுவோர் நகைச்சுவை எழுத இயலாது.

கூடு பாய்தலும் கூடு மாற்றமும்

இவ்வளவுக்குப் பின்னும் திருமூலரை இவற்றோடு ஒப்பிடுவோர் சேக்கிழாரை மீண்டும் படிப்பாராக. சாத்தனூரில் மூலன் என்னும் ஆயன் இறந்துகிடக்கிறான்; அவன் மேய்த்த ஆக்கள் அவன் உடலைச் சுற்றிக் கதறுகின்றன. அக்கதறலைப் பொறாத யோகியார் தம் உடலை ஓரிடத்தில் சேமித்து வைத்து அவனுடலில் புகுகிறார். அவரை ஏவியது கருடக் கல் அன்று, ஆக்களின் துயர். கருவி அவர்தம் சொந்தப் பயிற்சி. மாலையில் மூலனின் மனைவி வந்து அழைக்க, ‘எனக்கு உன்னோடு உறவில்லை’ என்னும் நிலை நேர்கிறது. தம் பழைய உடலைத் தேடிச் சென்றால் அது அங்கில்லை. அமெரிக்கப் படங்கள் திரும்பிவரும் உறுதியை முன்கூட்டியே அளித்துவிட்டுத்தான் நம்மைச் சிரிக்க வைக்கின்றன. திருமூலருக்குத் திரும்பும் வழி அடைபடுகிறது. புகுந்த உடலிலேயே இருந்து அவர் பாட வேண்டியதாயிற்று. ஓர் ஆயன் உடலில் ஒரு ஞானி நிலைத்துவிட்டார் என்பதன் குலம் கடந்த பொருளையும் நாம் இன்னும் போதிய அளவு எழுதவில்லை. மூலனின் மனைவிக்கு நேர்ந்ததை எவரும் எழுதவே இல்லை என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

நகைச்சுவையோடுதான் ஒப்பிட வேண்டும் என்று கருதுவோர்க்குக் காஞ்சியின் பக்கத்திலேயே ஒரு நூல் உள்ளது. ‘பகவதஜ்ஜுகம்’ என்னும் வடமொழி எள்ளல் நாடகம் அது. மாமண்டூர்க் குடைவரையின் சிதைந்த கல்வெட்டில் மகேந்திரவர்மனின் ‘மத்தவிலாச’த்தோடு அதன் பெயரும் காணப்படுவதால் அதனையும் அவனுடையது என்பாரும், போதாயனருடையது என்பாரும் உளர். எமதூதன் பெயரொற்றுமையால் ஏமாந்து தவறான வசந்தசேனையின் உயிரைக் கவர்ந்து செல்கிறான். சோற்றுக்காகவே துறவு பூண்ட சீடன் சாண்டில்யன் அவளுடலைப் பார்த்து அழ, யோகத்தின் ஆற்றலைக் காட்டுவதற்காகத் துறவி அவ்வுடலில் புகுகிறார். கணிகை வேதாந்தம் பேசுகிறாள். பிழையுணர்ந்து திரும்பிய தூதன் அவள் உயிரைத் துறவியின் உடலில் வைக்க, துறவி காதலனைத் தேடிக் குழைகிறார். இங்கு நகைக்கப்படுவோர் யார்? துறவி, சீடன், மருத்துவன், எமலோகத்து ஊழியன். எல்லோரும் சொந்த ஊரின் அதிகாரங்கள். அயலாரின் தெய்வம் ஒன்றும் இதில் ஏவல் செய்யவில்லை. வடமொழி என்பதால் நாமும், காஞ்சி என்பதை மறந்து பிறரும் கைவிட்ட இந்நூலைக் கூடியாட்ட மேடையும் சுவடிகளும் காத்துவைத்தது கேரளம். 2021இல் யது விஜயகிருஷ்ணன் இதனை வடமொழியிலேயே படமாக்க, அவ்வாண்டு இந்தியத் திரைப்பட விழாவின் இந்தியப் பனோரமாவில் அது இடம்பெற்றது. அதே பட்டியலில் தமிழ்ப் படமாக இருந்தது ‘கூழாங்கல்’. ‘கூழாங்க’லைப் பற்றி நம் இதழ்கள் எழுதின, பல்லவர் தலைநகரின் சிரிப்பு ஒன்று திரைக்கு வந்ததை எத்தனை தமிழ்த்துறைகள் அறியும்? தமிழகத்திற்கு வெளியே, பிறமொழி மாணவரோடு ஒரே நடையில் பணியாற்றும் துறைகளேனும் அறிந்திருக்க வேண்டாவா?

மாயத்தை உள்ளூரிலேயே காணும் மனம் நமக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டா. 1982இல் நொபுஹிகோ ஒபயாஷி இயக்கிய ‘தென்கோசெய்’ படத்தில் சிறுவனும் சிறுமியும் தம் ஊர்க் கோயிலின் கற்படிகளில் உருண்டு உடல் மாறுகின்றனர். அவ்வூர் ஒனோமிச்சி, இயக்குநர் பிறந்த ஊர். படிகளுக்கு வேறெந்த நாட்டின் பெயரும் ஒட்டப்படவில்லை.

தடையும் விடையும்

‘நகைச்சுவைப் படத்தில் இவ்வளவு தேடலாமா?’ என்பது முதற்றடை. மத்தவிலாசத்தின் கபாலத்தில் சமய வரலாற்றைத் தேடுவோர் இத்தடையை எழுப்ப உரிமையற்றவர். அழுகையில் ஒருவர் தம்மை மறைத்துக்கொள்ள முடியும். எதற்குச் சிரிக்கிறார் என்பதில் மறைக்க முடியாது.

‘படைத்தோரே திருந்திவிட்டனரே’ என்பது இரண்டாவது தடை, இது மதிக்கத்தக்கது. 2025இல் வந்த ‘ஃபிரீக்கியர் ஃபிரைடே’யை இயக்கியவர் நிஷா கணத்ரா. கனடாவில் பிறந்த இந்திய மரபினர். 1999இல் ‘சட்னி பாப்கார்ன்’ எடுத்தவர். முதற்படத்தின் ஆசிய உருவாக்கங்கள் தம்மைப் புண்படுத்தியதை அவர் வெளிப்படையாகவே கூறியுள்ளார். தம் படத்தில் சீன முதியவளின் தொழிலை, ஒரே நாளில் பத்து வேலை பார்க்கும் ஜென் என்ற வெள்ளைக்காரக் குறிசொல்லியிடம் கொடுத்தார். மாயம் உள்ளூர்ச் சரக்காயிற்று. மணமகன் எரிக்காக நடித்தவர் பிலிப்பினோ மரபினரான மேனி ஜசிந்தோ. எரிக்கின் மகள் லில்லியும் டெஸ்ஸும் இடம் மாறுகின்றனர். மேசை ஒரு பக்கம் சற்று நகர்த்தப்பட்டிருக்கிறது. இதனை மறைப்பது நேர்மையன்று.

ஆயினும் நம் பக்கத்தில் இதற்கு என்ன நடக்கிறது? ஓர் ஆய்வாளர் அண்மையில் காட்டிய கட்டுரைச் சுருக்கத்தில் முதல் வரி: இந்திய வம்சாவளி இயக்குநர் ஒருவர் வழியே கருடக் கல் தன் உரியவரிடம் திரும்பியது. மீண்டும் அதே கைதட்டல். கணத்ரா செய்தது உரிமை கோரல் அன்று. பொய்யான முகவரி ஒன்றை அழித்தல். அழித்தவரையே சான்றாக்கி அம்முகவரியில் குடியேற விரும்புகிறோம் நாம். அச்சுருக்கத்தின் ஓரத்தில் இக்கட்டுரையாளர் ஒரு வினாவை மட்டும் எழுதித் திருப்பினார். புதிய படத்தில் ரோசலிண்ட் சாவும், அவர் தாயாக வந்த லூசில் சூங்கும் 22 ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் தோன்றுகின்றனர். இம்முறை நால்வர் உடல் மாறுகின்றனர். அந்நால்வருள் அவ்விருவரும் ஏன் இல்லை? ஆய்வாளரிடமிருந்து இன்னும் விடை வரவில்லை.